அலாஸ்கா கப்பல் பயணத்தில் நல்ல நண்டு எங்கே கிடைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு முறை அலாஸ்காவுக்குக் கப்பலில் போய்வந்திருக்கிறேன். முதல் முறை மே மாதம், நானும் மனைவியும் மட்டும். இரண்டாவது முறை ஜூலையில், சியாட்டிலில் இருக்கும் அக்கா, அத்தான், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா என்று பட்டாளமாக. அம்மா தூத்துக்குடிக்காரர், நண்டைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே சதை இருக்கிறதா சோடையா என்று சொல்லிவிடுவார். முதல் பயணத்தில் நண்டு விஷயத்தில் நான் நன்றாக ஏமாந்தேன், இரண்டாவது பயணத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, யார் அலாஸ்காவுக்கு டிக்கெட் போட்டாலும் எனக்கு வாட்ஸாப்பில் கேள்வி வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

அலாஸ்காவுக்குப் போனால் கிங் கிராப் அப்போதுதான் பிடித்தது கிடைக்கும்தானே?

கிடைக்காது. நான் முதல் தடவை ஏமாந்தது இதில்தான். துறைமுகத்தில் இறங்கியதுமே கண்ணில் படும் பலகைகளில் சிவப்பு சிவப்பாக, கை நீளத்துக்குக் கால்கள். எதிரே கடல், கடலில் படகுகள். இந்தப் படகில் வந்ததுதான் இந்தத் தட்டில் இருக்கிறது என்று நாமே முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம், கடைக்காரர் பொய் சொல்லவே வேண்டியதில்லை.

உண்மையில் சிவப்புக் கிங் கிராப் பெரும்பாலும் பிரிஸ்டல் பே என்ற விரிகுடாவில், பெரிங் கடல் பக்கம் பிடிபடுவது. அது நம் கப்பல் போகும் தென்கிழக்கு அலாஸ்காவிலிருந்து ஆயிரம் மைலுக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அங்கே பருவம் திறப்பது அக்டோபர் 15. சுற்றுலாக் கப்பல்கள் ஓடுவது ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. ஆக, ஜூலையில் நீங்கள் சாப்பிடுவது போன குளிர்காலத்துக்கு முன்னால் பிடித்து, கரையில் ஆலையில் வேகவைத்து, உப்புநீரில் உறையவைத்த நண்டு. கோடையில் நோம் ஊரை ஒட்டிய நார்டன் சவுண்டில் கொஞ்சம் பிடிக்கிறார்கள், ஆனால் அது சின்ன அளவு.

அப்படியானால் கிங் கிராப் சாப்பிடுவதே வீண் செலவா?

அப்படிச் சொல்லமாட்டேன். நண்டு செத்த கையோடு சதை கெட ஆரம்பித்துவிடும், அதனால் படகிலிருந்து உயிரோடு இறங்குவதைத்தான் ஆலை எடுத்துக்கொள்ளும், உடனே வேகவைத்து உறையவைத்துவிடும். ஒழுங்காகச் செய்திருந்தால் சுவை அவ்வளவாகக் குறையாது. ஒரு காலை உடைத்தால் உள்ளே விரல் தடிமனில், சில சமயம் அதைவிடப் பெரிதாக, முழுசாக உருவி வரும் வெள்ளைச் சதை, மேலே சிவப்புத் தோல். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் உப்பு. வாழ்க்கையில் ஒரு தடவை சாப்பிடலாம், தப்பில்லை. ஒவ்வொரு துறைமுகத்திலும் அதையே வாங்குவதுதான் தேவையில்லாத செலவு. ஒரு ஊரில் கிங் கிராப், மற்ற ஊர்களில் டஞ்சனெஸ் என்ற உள்ளூர் நண்டு, இதுதான் என் கணக்கு.

ஒரு உபரித் தகவல். கிங் கிராப் அசல் நண்டே கிடையாது, சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுக்கு உறவுக்காரர். நம் நண்டுக்குக் கொடுக்கையும் சேர்த்துப் பத்துக் கால். கிங் கிராப்பை எண்ணினால் எட்டுதான் தெரியும், கடைசி ஜோடி குட்டியாக ஓட்டுக்குள்ளே ஒளிந்திருக்கும். அம்மா தட்டில் எண்ணிப் பார்த்துவிட்டு, “ரெண்டு காலை எடுத்துட்டுக் குடுத்துருக்கான்” என்றார். சமாதானப்படுத்தக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

டஞ்சனெஸ் என்றால் என்ன? நம்மூர் நண்டு மாதிரி இருக்குமா?

வாஷிங்டன் மாநிலத்தில் டஞ்சனெஸ் என்று ஒரு கடலோர ஊர், அந்தப் பெயர் நண்டுக்கு ஒட்டிக்கொண்டது. அகலமான ஓடு, செம்மண் நிறம், ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோ. நம்மூர் நீல நண்டைவிடச் சதை அதிகம், களி நண்டு அளவுக்குக் கொடுக்கு பெரிதில்லை. சுவையில் நீல நண்டின் இனிப்புக்குப் பக்கத்தில் வரும். வாங்கிய எடையில் கால் பங்கு சதை தேறும், அதாவது ஒருவருக்கு ஒரு முழு நண்டு சரியாக இருக்கும்.

தென்கிழக்கு அலாஸ்காவின் கடலிலேயே வளர்வது இதுதான், உங்கள் கப்பல் நிற்கும் அதே தண்ணீரில். ஆகவே “உள்ளூர் நண்டு வேண்டும்” என்று ஆசைப்படுபவர்கள் கேட்க வேண்டிய பெயர் டஞ்சனெஸ். கிங் கிராப்பின் பளபளப்புக்கு முன்னால் இது பலகையில் கடைசி வரியில் ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

எந்த மாதத்தில் போனால் நல்லது?

நண்டை மட்டும் வைத்துச் சொன்னால் ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை. தென்கிழக்கு அலாஸ்காவில் டஞ்சனெஸ் படகுகளுக்கான கோடைப் பருவம் ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 15 வரை, அப்புறம் மூடிவிட்டு மறுபடி அக்டோபர் 1-இல் திறப்பார்கள். நான் முதலில் போனது மே மாதம். அப்போது அந்த ஊர்களில் சாப்பிட்ட டஞ்சனெஸும் வேறு எங்கிருந்தோ வந்ததாகவோ உறையவைத்ததாகவோதான் இருந்திருக்க வேண்டும் என்பது ஊருக்குத் திரும்பிப் படித்துத் தெரிந்துகொண்டது. மே மாதம் டிக்கெட் மலிவு, கூட்டம் குறைவு, மலையெல்லாம் பனி. நண்டுக்காக மட்டும் யாரும் தேதியை மாற்ற வேண்டாம், ஆனால் தேதி உங்கள் கையில் இருந்தால் ஜூலை.

எந்த ஊரில் இறங்கிச் சாப்பிடுவது?

எல்லோரும் கேட்பது இதுதான். ஊர் ஊராகச் சொல்கிறேன்.

ஹூனா, கப்பல் அட்டவணையில் ஐசி ஸ்ட்ரெயிட் பாயின்ட் என்று போட்டிருக்கும். என் ஓட்டு இதற்கு. கிளிங்கிட் பழங்குடியினரின் ஊர். 1912-இல் கட்டிய பழைய சால்மன் டப்பா ஆலை, சிவப்புப் பலகைச் சுவர்களோடு கரையில் நிற்கிறது, அதை ஒட்டித்தான் கடைகள். வேறு துறைமுகங்களில் இருக்கும் வைரக் கடை, கடிகாரக் கடை வரிசை எதுவும் இங்கே கிடையாது. நாங்கள் போன நண்டுக் கடையில் ஒரு பையன் தொட்டிக்குள் கைவிட்டு, பின்பக்கமாகப் பிடித்து ஒன்றைத் தூக்கினான். கால்கள் எல்லாம் காற்றில் நீந்துகிற மாதிரி ஆடின. அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டார், அவன் தடுக்கப் பார்த்தான், அதற்குள் அம்மா கவிழ்த்துப் பார்த்துவிட்டார், வயிற்று மடல் குறுகலா அகலமா என்று. குறுகல், அதாவது ஆண். இங்கே சட்டப்படி ஆண் நண்டை மட்டும்தான் பிடிக்கலாம், அதுவும் ஓடு ஆறரை அங்குல அகலத்துக்குக் குறையக் கூடாது, அதனால் பெண் நண்டு வந்துவிடுமோ என்ற கவலையே வேண்டாம் என்று அத்தான் விளக்கினார். அம்மாவுக்கு அது வருத்தம், முட்டையோடு இருக்கும் நண்டு கிடைக்காது என்று. விரலால் ஓட்டின் அடியை அமுக்கிப் பார்த்தார், அமுங்கவில்லை. “இதைப் போடு” என்று தமிழிலேயே அந்தப் பையனிடம் சொன்னார், அவனுக்கும் புரிந்தது. இருபது நிமிடத்தில் ஆவி பறக்கத் தட்டில் வந்தது. எலுமிச்சையும் உருக்கிய வெண்ணெயும். அந்த வெண்ணெயை நான் தொடவே இல்லை, தேவைப்படவில்லை.

ஜூனோ. மாநிலத் தலைநகரம், ஆனால் வெளியிலிருந்து சாலை வழியாக வர முடியாத ஊர், கப்பல் அல்லது விமானம்தான். இங்கேதான் டிரேசிஸ் கிங் கிராப் ஷாக் இருக்கிறது, 2006-இல் சின்னக் கடையாக ஆரம்பித்தது, இப்போது கப்பலில் வரும் பாதிப் பேரின் பட்டியலில் உள்ள பெயர். கிங் கிராப் ஒரு தடவை சாப்பிடலாம் என்றேனே, அதை இங்கே வைத்துக்கொள்ளலாம். வரிசை நீளம்தான். ஒரு காலும், ஒரு கிண்ணம் நண்டு சூப்பும் வாங்கி இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் ருசியும் தெரியும், பர்ஸும் தப்பும். பெரிய வாளி வாங்குகிறவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், பாதிக்கு மேல் திகட்டும். ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று ஊராட்சி 2024 முதல் வரம்பு வைத்திருக்கிறது. ஐந்து கப்பல் என்றாலும் ஆயிரக்கணக்கான பேர், மதியம் 12 மணிக்குப் போய் நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

கெட்சிகன். மழை ஊர், ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும், குடை பிடித்துக்கொண்டு நண்டு உடைப்பது தனிக் கலை. ஊருக்குள்ளே கப்பல் நின்றால் எல்லாமே நடை தூரம். ஆனால் சில கப்பல்கள் வார்ட் கோவ் என்ற இடத்தில் நிற்கும், அது ஊரிலிருந்து ஏழு மைல், பஸ் பிடித்து வர வேண்டும், போக வர ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். இங்கே ஜார்ஜ் இன்லெட் லாட்ஜ் என்ற இடத்துக்குக் கூட்டிப்போகும் டூர் உண்டு, படகில் கூண்டு தூக்கிக் காட்டிவிட்டு, அப்புறம் உட்காரவைத்துப் போதும் போதும் என்கிறவரை டஞ்சனெஸ் போடுவார்கள். வீட்டில் நான்கு பேரும் நண்டுப் பிரியர்கள் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், தனியாக வாங்கிச் சாப்பிடுவதைவிட லாபமாகக்கூட வரலாம். ஒருவர் மட்டும்தான் சாப்பிடுவார் என்றால் வேண்டாம்.

ஸ்காக்வே. 1898 தங்க வேட்டைக் காலத்து ஊர், மலை ரயிலுக்காக எல்லோரும் இறங்குவது. ரெயில்ரோடு டாக் பக்கத்திலேயே ஸ்காக்வே ஃபிஷ் கம்பெனி இருக்கிறது, உட்கார்ந்து சாப்பிடும் உணவகம், ரயிலை விட்டு இறங்கி நேராக அங்கே போய்விடலாம். ஜூனோவில் வரிசையைப் பார்த்துப் பயந்து வந்தவர்களுக்கு இது மாற்று.

சிட்கா போகும் கப்பல்களும் உண்டு. அழகான ஊர், ஆனால் அங்கே நான் நண்டு சாப்பிடவில்லை, ஆகவே பேச்சில்லை.

சியாட்டில், வான்கூவர், விக்டோரியாவில்?

சியாட்டிலில் பைக் பிளேஸ் மார்க்கெட், 1907 முதல் நடக்கும் சந்தை. பனிக்கட்டி மேல் டஞ்சனெஸை அடுக்கிவைத்திருப்பார்கள், வேகவைத்தது. கேட்டால் சுத்தம் செய்து உடைத்துக் கொடுப்பார்கள். பியர் 66 என்ற கப்பல் துறையில் ஏறுகிற கப்பல் என்றால் சந்தை நடக்கும் தூரம், பியர் 91 என்றால் கார் வேண்டும். கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்கி, அக்கா வீட்டில் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு அம்மா செய்த நண்டு மசாலாதான் அந்தப் பயணத்தின் முதல் நண்டு, ஏற்கெனவே வெந்த நண்டு என்பதால் மசாலா தனியாக வதங்கிக் கெட்டியான பிறகு கடைசி ஐந்து நிமிடம் போட்டுப் பிரட்டினால் போதும் என்று நாலு தடவை சொல்லித்தான் அம்மா கேட்டார்.

வான்கூவரிலிருந்து ஏறுபவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கப்பல் நிற்கும் கனடா பிளேஸ் பக்கத்திலேயே வாட்டர்ஃபிரண்ட் ஸ்டேஷன், அங்கிருந்து கனடா லைன் ரயிலில் அரை மணிக்குள் ரிச்மண்ட். சீன உணவகங்கள் நிறைந்த ஊர். தொட்டியில் உயிரோடு இருக்கும் டஞ்சனெஸைக் காட்டி, எடை போட்டு, மிளகாயும் பொரித்த பூண்டும் அள்ளிப் போட்டு வறுத்துத் தருவார்கள். வெண்ணெயில் தொட்டுத் தின்பது பிடிக்காத நம் ஆட்களுக்கு மொத்தப் பயணத்திலும் நாக்குக்கு இதமான நண்டு இதுதான்.

விக்டோரியா ஏன் அட்டவணையில் வருகிறது தெரியுமா? அமெரிக்கக் கப்பல் சட்டம் ஒன்று, 1886-இல் போட்டது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி, அங்கேயே திரும்ப இறக்குவதானால் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதனால் சியாட்டில் கப்பல்கள் பல கடைசி ராத்திரி விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கும். ஃபிஷர்மென்ஸ் வார்ஃப் நடந்து போகும் தூரத்தில்தான், மிதக்கும் வீடுகளும் மீன் கடைகளுமாக நன்றாக இருக்கும். ஆனால் ராத்திரி 8 மணிக்குமேல் இறங்கினால் நண்டை நம்பிப் போகாதீர்கள், நாங்கள் போனபோது கடைகள் சாத்திக்கொண்டிருந்தன. இன்னொன்று, இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் கனடா விசாவும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், நண்டைவிட அது முக்கியம்.

கப்பலிலேயே நண்டு போடுவார்களே, அது போதாதா?

பஃபேயில் ஒருநாள் நண்டுக் கால் வரும், பெரும்பாலும் ஸ்னோ கிராப், மெல்லிய கால்கள். சில கப்பல்களில் ஆறவைத்துப் பனிக்கட்டி மேல் வைப்பார்கள். சூடாக வேண்டுமென்றால் சமையல்காரரிடம் கேட்டுப் பாருங்கள், எங்களுக்கு ஆவியில் காட்டிக் கொடுத்தார்கள். இலவசமாக வருவதைக் குறை சொல்வானேன், ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு அலாஸ்கா நண்டு இவ்வளவுதானா என்று முடிவுகட்டாதீர்கள்.

விலை எவ்வளவு ஆகும்?

எண் எழுதினால் அடுத்த வாரமே பொய்யாகிவிடும், பலகையிலேயே ‘இன்றைய விலை’ என்றுதான் போட்டிருப்பார்கள். கூச்சப்படாமல் ஆர்டருக்கு முன்னால் கேளுங்கள். பவுண்டுக்கா, ஒரு காலுக்கா, ஒரு கொத்துக்கா என்றும் கேளுங்கள். கொத்து என்பது ஒரு பக்கத்து மூன்று கால், ஒரு கொடுக்கு, தோள் பக்கத்துச் சதை சேர்ந்தது. ஒரு பவுண்டு ஏறக்குறைய 450 கிராம், அதில் ஓடும் சேர்த்தி. பொதுவாகச் சொன்னால் கிங் கிராப் கால் ஒன்று வாங்கும் பணத்தில் முழு டஞ்சனெஸ் ஒன்றை வாங்கிவிடலாம், மிச்சம்கூட வரலாம். இதற்குமேல் உள்ளூர் விற்பனை வரி, ஜூனோவில் 5 சதவீதம், உட்கார்ந்து சாப்பிட்டால் டிப்ஸ் 15 முதல் 20 சதவீதம்.

மே மாதம் நான் ஏமாந்த கதை இதோடு சேர்ந்ததுதான். ஒரு ஊரில், பெயர் வேண்டாம், “நண்டு விருந்து” என்று ஒரு தட்டு, விலை பரவாயில்லை என்று வாங்கிவிட்டேன். வந்தது மெல்லிய ஸ்னோ கிராப் கால்கள், வெளிறிப்போய், நீரில் ஊறி, உடைத்தால் சதை ஓட்டில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாகப் பிய்ந்தது, ஒரே உப்பு. மறுபடி மறுபடி சூடாக்கினால் இப்படித்தான் ஆகும். எந்த நண்டு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நல்ல நண்டு என்று பார்த்ததும் எப்படித் தெரியும்?

உயிருள்ள டஞ்சனெஸ் என்றால் துறுதுறுவென்று இருக்க வேண்டும், தூக்கினால் கால் தொங்கக் கூடாது, கையில் கனமாக இருக்க வேண்டும், அடி ஓடு அமுங்கக் கூடாது. ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டு பெரிதாகத் தெரியும், உள்ளே தண்ணீர்தான் இருக்கும். நம்மூரில் அமாவாசை நண்டு கொழுப்பு, பௌர்ணமி நண்டு சோடை என்பார்கள். இங்கே நிலாவை யாரும் பார்ப்பதில்லை, ஓட்டை அமுக்கித்தான் பார்க்கிறார்கள்.

கிங் கிராப்பில் அழகான, பளிச்சென்ற ஓட்டைத் தேடாதீர்கள். ஓட்டின் மேல் சிப்பி மாதிரிப் பொருக்கு ஒட்டியிருந்தால், கீறல் விழுந்து பழசாகத் தெரிந்தால் நல்லது, ஓடு மாற்றி வெகுநாள் ஆகிவிட்டது, உள்ளே சதை நிறைந்திருக்கும். கடையில் 9/12, 16/20 என்றெல்லாம் எழுதியிருந்தால் அது 10 பவுண்டில் எத்தனை கால் நிற்கும் என்ற கணக்கு, எண் சிறிதாக இருந்தால் கால் பெரியது. உறைந்ததை வாங்கும்போது மேலே பூசியிருக்கும் பனிக்கட்டிக்கும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்களா என்று பாருங்கள்.

எப்படி உடைப்பது? பார்க்கிறவர்கள் சிரிப்பார்களோ?

நண்டு தின்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறவன் அடுத்த மேசையில் அதே கோலத்தில்தான் இருப்பான். கிங் கிராப்புக்குச் சுத்தியல் வேண்டாம், கத்தரிக்கோல் கேளுங்கள். காலின் வெளுத்த பக்கம் ஓடு மெல்லிசு, அதில் நீளவாக்கில் வெட்டிப் பிரித்தால் சதை முழுசாக வரும். முள் குத்தும், துணியோடு பிடியுங்கள். டஞ்சனெஸ் நம் நண்டு மாதிரியேதான், வயிற்று மடலை நீக்கி, மேல் ஓட்டைப் பிளந்து, பஞ்சு போன்ற செவுளை எடுத்து எறிந்துவிட்டு, உடலை இரண்டாக உடைத்தால் அறை அறையாகச் சதை.

ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சளைச் சாப்பிடலாமா?

நம் வீடுகளில் அதற்குத்தான் சண்டையே நடக்கும், தெரியும். ஆனால் அலாஸ்காவில் விட்டுவிடுங்கள். அங்கே சில சமயம் கடலில் பாசி நச்சு பரவும், நண்டின் குடலிலும் அந்த மஞ்சளிலும்தான் அது சேரும், வேகவைத்தாலும் போகாது. கால் சதைக்கும் உடல் சதைக்கும் பிரச்சினை இல்லை. குடலை எடுத்துவிட்டுச் சாப்பிடச் சொல்லி மாநில அரசே அறிவுறுத்துகிறது. அம்மா கேட்கவில்லையா என்றால், முறைத்துக்கொண்டே ஒதுக்கிவைத்தார். ஓட்டுமீன் ஒவ்வாமை உள்ளவர்கள் எதையுமே ருசி பார்க்க வேண்டாம், அதே பாத்திரத்தில் வேகும் மக்காச்சோளத்தைக்கூட.

காரம் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது?

சின்ன டப்பாவில் மிளகுத்தூளும் மிளகாய்த்தூளும் உப்பும் கலந்து எடுத்துப் போங்கள், எலுமிச்சை எல்லாக் கடையிலும் தருவார்கள். நான் எடுத்துப் போனது அம்மாவின் கைப்பொடி, சீரகமும் வறுத்த மிளகும். முதல் நண்டை ஒன்றும் தொடாமல் சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் டப்பாவைத் திறங்கள். அடுத்த மேசைக்காரர் இது என்ன என்று கேட்பார், கொஞ்சமாகக் கொடுங்கள், நிறையக் கொடுத்தால் தண்ணீர் தேடி ஓடுவார்.

நேரம் போதுமா? கப்பல் விட்டுவிட்டுப் போய்விட்டால்?

இறங்கியதும் முதலில் நண்டு, மற்றதெல்லாம் அப்புறம். காலை 11 மணிக்கு நண்டா என்று யோசிக்காதீர்கள், கப்பலில் காலைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும். டூர் முடித்துச் சாப்பிடலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள், கப்பலேறும் கடைசி நேரம் புறப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்னாலேயே வந்துவிடும், கையில் சூடான நண்டோடு ஓடுவது அழகாக இருக்காது. அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்துக்கு ஒரு மணி பின்னால், உங்கள் போன் எந்த நேரம் காட்டினாலும் கப்பல் அறிவித்த நேரம்தான் கணக்கு.

மிச்சமானதைக் கப்பலுக்கு எடுத்துவரலாமா? ஊருக்கு அனுப்பலாமா?

சமைத்த நண்டைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள், பொதுவான விதி. முடிந்ததைத் தின்றுவிடுங்கள். அமெரிக்காவுக்குள் வீடு இருந்தால் உறையவைத்த நண்டை நேரே வீட்டுக்கு அனுப்பும் கடைகள் உண்டு, அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்தியாவுக்கு என்றால் மறந்துவிடுங்கள்.

நண்டு பிடிக்கும் படகில் போகலாமா?

கெட்சிகனில் அலூஷியன் பாலட் என்ற படகு, டிவியில் வந்த அசல் பெரிங் கடல் நண்டுப் படகு, அதில் பயணிகளை ஏற்றிப்போய்க் கூண்டு தூக்கிக் காட்டுகிறார்கள். கிங் கிராப்பைக் கையில் பிடித்துப் படம் எடுக்கலாம். ஆனால் பிடித்ததைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். பசியோடு போகாதீர்கள்.

நண்டெல்லாம் அழிந்துவிட்டதாகச் செய்தி வந்ததே?

அது ஸ்னோ கிராப். பெரிங் கடல் 2018, 2019-இல் வழக்கத்துக்கு மீறிச் சூடானது. சூட்டில் நண்டுக்கு இரை அதிகம் தேவைப்பட்டது, கிடைக்கவில்லை, பட்டினியில் சுமார் 1,000 கோடி நண்டுகள் காணாமல்போயின என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2022-இல் வரலாற்றிலேயே முதல் தடவையாக அந்தப் பருவத்தையே மூடினார்கள், 2024-இல்தான் சிறு அளவில் திறந்தார்கள். பிரிஸ்டல் பே கிங் கிராப்பும் இரண்டு பருவம் மூடியிருந்து 2023-இல் திறந்தது. விலை ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம், ரஷ்யக் கடலுணவுக்கு அமெரிக்கா 2022-இல் தடை போட்டது இன்னொன்று. டஞ்சனெஸுக்கு இந்தக் கதி வரவில்லை.

அலாஸ்கா அல்லாத கப்பல் பயணத்தில்?

நார்வேயின் வடகோடியில் கிர்கெனெஸ், ஹோனிங்ஸ்வோக் துறைமுகங்களில் கிங் கிராப்பைக் கடலிலிருந்து எடுத்த கையோடு சாப்பிடலாம். அது அங்கே பிறந்ததில்லை, 1960-களில் சோவியத் விஞ்ஞானிகள் பசிபிக்கிலிருந்து கொண்டுவந்து விட்டது, நடந்து நடந்து நார்வே வரை வந்துவிட்டது. கொழும்பில் கப்பல் நின்றால் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் மினிஸ்ட்ரி ஆஃப் கிராப் இருக்கிறது, இலங்கைக் களி நண்டு, முன்கூட்டியே இடம் சொல்லிவைக்க வேண்டும். சிங்கப்பூரில் சில்லி கிராப் கேட்டாலும் தட்டில் வருவது பல நேரம் அதே இலங்கை நண்டுதான். அங்கெல்லாம் மஞ்சளை விட்டுவைக்க வேண்டாம் என்று அம்மா எழுதச் சொன்னார்.